சர்க்கரை நோய்க்கு ஒரு குடும்ப வரைபடம்

நடுவில் உங்கள் பெயர், மேலே பெற்றோர், பக்கத்தில் உடன்பிறந்தோர். நோய் யாருக்கு வந்தது என்பதோடு எந்த வயதில் என்றும் கேளுங்கள். எங்கள் பெரியம்மா வயதைச் சொல்ல மாட்டார். மகள் கல்யாணத்துக்கு முன்பா, பின்பா என்றால் சொல்லிவிடுவார்.

அடுத்து, தொழிலை எழுதுங்கள். தையல் இயந்திரத்தின் முன்பே உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு 42 வயதில் வந்தது. வயலில் உழைத்த சித்தப்பாவுக்கு 67இல். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டு பேரை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் நோயின் வாசலில் நின்றவர்களிடம் நடந்து, 2006இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், உணவு, உடலுழைப்பு மாற்றத்தால் ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது.

பெற்றோருக்கு இருந்தால் இளவயதிலேயே வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். அளவு 100 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் என்றால் வரைபடத்தையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.