ஆடிக் காற்றை ஃபிலிமில் பிடிப்பது எப்படி?

முப்பந்தலுக்கும் காவல்கிணறுக்கும் நடுவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பனை நிற்கிற செம்மண் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். வடக்கே மகேந்திரகிரி மலைவரிசை, மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், சுற்றிலும் காற்றாலைகள். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு முன்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். இந்த இடத்தை மீடியம் ஃபார்மேட் (சாதா 35 மில்லிமீட்டரை விடப் பெரிய) கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுப்பது எப்படி என்று கேட்டு அடிக்கடி பிள்ளைகள் வருகிறார்கள். நாகர்கோவில் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். கல்யாணமும் பாஸ்போர்ட் போட்டோவும் எடுத்துத்தான் சோறு தின்றேன். மலையும் மரமும் சொந்த ஆசைக்கு. ஆகவே இதை வாத்தியார் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் செய்கிற விதம் இது.

கேமராவைப் பையிலிருந்து எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: எதைப் படம் எடுக்க வந்திருக்கிறீர்கள்? மலையையா, காற்றாலையையா, காற்றையா? மூன்றும் வேண்டும் என்பவர்களுக்கு மூன்றும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். நான் காற்றைத்தான் எடுப்பேன். அது முடிவாகிவிட்டால் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் பார்ப்பது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் பார்க்கும் திசை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மேற்கே பார்த்துத்தான் ஸ்டாண்டை விரிப்பார்கள். காரணம் உண்டு. காற்றாலையின் முகம் காற்று வருகிற பக்கம் திரும்பியிருக்கும்; அதனால் மேற்கும் கிழக்குமாகப் பார்த்தால்தான் இறக்கைகள் முழு வட்டமாகத் தெரியும். ஆனால் அந்தத் திசையில் பனையைப் பாருங்கள். ஓலைகள் உங்களை நோக்கிப் பறக்கின்றன. கண்ணுக்கு அசைவு தெரியும், படத்தில் தெரியாது. சும்மா ஒரு கறுப்புக் கொண்டைதான் விழும். அப்படியே வடக்கே திரும்புங்கள். காற்றாலை ஒல்லியாகிவிடும், இறக்கை ஒரு கோடாகச் சுருங்கும். பனை ஓலை முழுவதும் இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டு நிற்கும். காற்றைக் காட்ட வேண்டுமென்றால் காற்றுக்குக் குறுக்கே பார்க்க வேண்டும். காற்றாலை ஒல்லியாவது எனக்கு நஷ்டமே இல்லை.

வடக்கே பார்ப்பதில் இன்னொரு லாபம், வெளிச்சம். ஆடியில் சூரியன் வடகிழக்காகத்தான் உதிக்கும். நாம் இருப்பது எட்டு டிகிரி அட்சத்தில்; ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அதனால் காலை எட்டு, எட்டரைக்கு வடக்கும் வடமேற்குமாகப் பார்த்து நின்றால் வெயில் வலது கைப் பக்கத்திலிருந்து குறுக்காக வரும். மலையின் மடிப்பெல்லாம் எடுப்பாகத் தெரியும். பனந்தடியில் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு. சூரியனுக்குக் குறுக்கே இருக்கிற வானம்தான் நீலம் அடர்ந்த வானம், லென்ஸுக்கு முன்னால் நிறக் கண்ணாடி, அதாவது ஃபில்டர், போட்டால் அங்கேதான் நன்றாக வேலை செய்யும். பத்தரைக்கு மேல் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் நான் மூட்டை கட்டிவிடுவேன்.

என்னுடையது யாஷிகா மேட் 124ஜி. 80 மில்லிமீட்டர் லென்ஸ், 120 ஃபிலிம், சதுரமாகப் பன்னிரண்டு படம். மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். ஓலை வலப்பக்கம் பறக்கும்போது கண்ணாடியில் இடப்பக்கம் பறக்கும். பழகும்வரை கழுத்தை நிமிர்த்தி ஒருமுறை நேராகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வசதி, ஸ்டாண்டைத் தாழ்த்தி வைக்கலாம். தாழ்த்தி வைத்தால் பனங்கொண்டை மலைக் கோட்டுக்கு மேலே ஏறி, மேகத்துக்கு முன்னால் நிற்கும். கொண்டை மலையோடு ஒட்டிக்கொண்டால் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். முட்டி போட்டாவது கொண்டையை மேலே ஏற்றுங்கள்.

ஸ்டாண்ட் ஆடினால் எல்லாம் வீண். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அலுமினியம் எம்மாத்திரம்! நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். ஒரு காலைக் காற்று வருகிற மேற்குப் பக்கம் நீட்டி வையுங்கள். பையைக் கொக்கியில் தொங்கவிடச் சொல்வார்கள். இங்கே அது ஊஞ்சல் ஆடி ஸ்டாண்டையும் சேர்த்து ஆட்டும். தரையில் காலோடு சாய்த்து வைப்பதே நல்லது. ஃபோகஸ் பார்த்து முடித்ததும் மேல்மூடியை மடக்கிவிடுங்கள், அதுதான் காற்றைப் பிடிக்கிற பாய்மரம். கேமராவைத் தொடாமல் அமுக்குகிற கேபிள் ரிலீஸ் கட்டாயம். நீங்கள் மேற்குப் பக்கம் மறைவாக நில்லுங்கள். வேகக் காற்றுக்கு நடுவில் கொஞ்சம் தணிகிற நொடி வரும். கேமரா நிலையாக நிற்கும், ஓலையின் ஆட்டம் இன்னும் அடங்கியிருக்காது. அப்போது அமுக்க வேண்டும்.

இனி ஷட்டர். 125-ல் ஒரு பங்கு நொடியில் எடுத்தால் ஒவ்வோர் ஓலையும் கத்தி மாதிரி துல்லியமாக விழும். காற்று இருந்ததற்கு அடையாளம் சாய்வு மட்டும்தான். கால் நொடி கொடுத்தால் கொண்டை முழுவதும் கலங்கிப் பஞ்சாகிவிடும், பனை என்றே தெரியாது. எனக்குப் பிடித்தது 15-ல் ஒரு பங்கு. மட்டை தெளிவாக நிற்கும், ஓலை நுனி மட்டும் கலையும். பனந்தடி அசையவே அசையாது. அந்த அசையாத தடிக்குப் பக்கத்தில்தான் கலைந்த நுனிக்கு அர்த்தம் வருகிறது. காற்று குறைந்த நாளில் 8-ல் ஒரு பங்கு வரை இறங்கலாம்.

இவ்வளவு மெதுவாக எடுக்க வேண்டியிருப்பதால் வேகமான, அதாவது கொஞ்ச வெளிச்சத்துக்கே பதிவாகிற ஃபிலிம் வேண்டாம். இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ், 125 வேகம், போதும். ஒரு காலத்தில் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் எல்லாம் செய்தது. 1960-ல் தொடங்கிய கம்பெனி, இன்று இல்லை. இப்போது எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஃபிலிமை பைக் பெட்டியில் வெயிலில் போடாதீர்கள், துணியில் சுற்றிச் சோற்றுப் பையில் வையுங்கள். ரோல் மாற்றும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி, சட்டைக்குள் வைத்து மாற்றுங்கள். செம்மண் தூசி ஒன்று உள்ளே போனால் பன்னிரண்டிலும் கோடு.

ஃபில்டருக்கு ஆரஞ்சு. நீல வானத்தை இருட்டாக்கி மேகத்தை வெளியே கொண்டுவரும். செம்மண்ணை வெளுப்பாக்கும், பச்சை ஓலையை இன்னும் கறுப்பாக்கும். இந்த ஊருக்கே செய்தது போல இருக்கும். சிவப்பு ஃபில்டர் போட்டால் மண் சுண்ணாம்பாகிவிடும், உடைமரம் எல்லாம் கரியாகிவிடும், எனக்கு ஆகாது. மஞ்சள் போதாது.

கணக்கைப் பார்ப்போம். நல்ல வெயிலில் 125 ஃபிலிமுக்கு 125-ல் ஒரு பங்கு, எஃப் 16 (லென்ஸ் துளையின் அளவு இது; எண் பெரிதானால் துளை சிறிது). ஆரஞ்சுக்கு இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம்தான், அந்த நீலத்தையும் ஃபில்டர் தின்றுவிடும். அதற்காக நான் இன்னொரு அரை ஸ்டாப் சேர்ப்பேன். ஆக 125-ல் ஒரு பங்குக்கு எஃப் 5.6-க்கும் 8-க்கும் நடுவில். அதையே 15-ல் ஒரு பங்குக்கு மாற்றினால் எஃப் 16-க்கும் 22-க்கும் நடுவில். அந்தத் துளைக்கு ஃபோகஸை 25 அடியில் வைத்தால் ஏறக்குறைய 13 அடியிலிருந்து மலை உச்சி வரை தெளிவு.

இந்தக் கேமராவில் இருக்கிற மீட்டரை நான் நம்புவதில்லை. அதற்கான பாதரச பேட்டரியே இப்போது கிடையாது. போனில் லைட் மீட்டர் ஆப் போட்டு, பனைமூட்டின் இருட்டுப் பக்கத்தை மட்டும் அளந்து பாருங்கள். மீட்டர் எதைக் காட்டினாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். இருட்டு இருட்டாக இருக்க, அது சொல்வதில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள், பிறகு ஃபில்டருக்குக் கூட்டுங்கள். மேலே சொன்ன கணக்குக்குப் பக்கத்தில் வந்தால் சரி. அதிகம் வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் மேகம் வெயிலை மறைத்திருக்கும்.

மேகம்தான் கடைசி முடிவு. மேற்கிலிருந்து மலை ஏறி வருகிற மேகத்தின் நிழல் தரையில் ஓடிக்கொண்டே இருக்கும். பனைக்காட்டில் வெயிலும் மலையில் நிழலுமாக அமையும்வரை காத்திருங்கள். எதிர்மாறாக அமைந்தால் நான் அமுக்குவதில்லை. கண் மலைக்கு ஓடிவிடும், காற்று பின்னால் போய்விடும். ஒருமுறை ஆடு மேய்க்கிற பெரியவர் என் பக்கத்தில் வந்து குத்தவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன சார், காத்தாடி சுத்துதுல்லா, இன்னும் எதுக்கு நிக்கிய?” என்றார். “மலைக்கு நிழல் வரட்டும் அண்ணாச்சி” என்றேன். “அப்போ அந்த மேகம் கிடையாது, அதுக்கு அடுத்தது” என்று கையைக் காட்டினார். அவர் சொன்னதுதான் வந்தது.

இடம் பற்றி இரண்டு வார்த்தை. பனைவிளை யாருடையதாவது இருக்கும், கேட்டுவிட்டு நுழையுங்கள். காற்றாலை வேலிக்குள் போகாதீர்கள். மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ வளாகம் இருக்கிறது, அந்தப் பக்கம் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலையவே வேண்டாம்.

ஒரே சட்டகத்தை நான்கைந்து தடவை எடுப்பது வீண் செலவு அல்ல. ஓலை ஒருமுறை கலைந்தது போல மறுமுறை கலையாது. எது சரி என்பது கழுவிய பிறகுதான் தெரியும். ஃபிலிம் கழுவுகிற ஐடி-11 கரைசலைப் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து 20 டிகிரியில் 11 நிமிடம் என்பது கம்பெனி கணக்கு. ஆரஞ்சு ஃபில்டர் ஏற்கெனவே கான்ட்ராஸ்டைக் கூட்டியிருப்பதால் நான் ஒன்றரை நிமிடம் குறைத்துக்கொள்வேன். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 20 டிகிரிக்கு வருமா? ஐஸ் பாக்கெட்டை வாளித் தண்ணீரில் போட்டு, அதில் டேங்கையும் கரைசலையும் வைத்து 24-க்குக் கொண்டுவருவது சுலபம். அப்போது நேரம் ஏறக்குறைய ஆறரை நிமிடமாகிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே மட்டும் போக விடாதீர்கள், படம் ஒரே சீராக ஏறாது. போர் தண்ணீரில் உப்பு அதிகம். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காயப்போடுவது குளியலறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு.