பவர் கிளீன் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவர் கிளீன் என்பது பாரை, அதாவது எடை மாட்டிய நீண்ட தண்டை, தரையிலிருந்து ஒரே வீச்சில் தூக்கித் தோளின் முன்பக்கம் ஏந்தும் பயிற்சி. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் பாரைத் தரையிலிருந்தே வெடுக்கென்று பிடுங்குகிறார்கள். வேகம் தேவைப்படுவது பார் முழங்காலைத் தாண்டிய பிறகுதான். தரையிலேயே பிடுங்கினால் இடுப்பு முந்திக்கொண்டு மேலே போகும், மார்பு தாழும், உடல் எடை முன்பாதத்துக்கு நகரும், பாரும் காலை விட்டு விலகும். அதன்பிறகு எவ்வளவு பலமிருந்தாலும் பாரைத் துரத்திக்கொண்டுதான் போக வேண்டும்.

பார் முழங்கால் வரை வரும்போது முதுகின் சாய்வு மாறக் கூடாது. இடுப்பும் தோளும் சேர்ந்தே உயர வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே 2 வினாடி நிறுத்தி, பிறகு தொடர்ந்து பாருங்கள். அங்கே நிற்க முடியவில்லை என்றால் எடை அதிகம். அதைவிட நல்ல வழி, மேலிருந்து கீழாகக் கற்பது: முதலில் நடுத்தொடையிலிருந்து, அடுத்து முழங்காலுக்கு மேலிருந்து, கடைசியாகத் தரையிலிருந்து.

அடுத்த தவறு, கையால் இழுப்பது. கால்கள் உதைத்து முடிப்பதற்குள் முழங்கை மடங்கிவிட்டால், கால் தரும் விசை பாருக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே வீணாகிறது. அதுவரை கைகள் இரண்டும் கயிறு மாதிரிதான் இருக்க வேண்டும். கை முன்கூட்டியே மடங்குவதற்குப் பல சமயம் காரணம், பாரை இறுக்கிப் பிடிப்பதுதான். கட்டைவிரலைப் பாரோடு ஒட்டி வைத்து, அதன்மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சுற்றும் கொக்கிப் பிடியில் அவ்வளவு இறுக்கம் தேவைப்படாது. ஆரம்பத்தில் கட்டைவிரல் வலிக்கும், டேப் சுற்றிக்கொள்ளலாம்.

தொடையால் பாரை முன்னே இடித்துத் தள்ளுவதும் பரவலாக நடக்கிறது. பார் தொடையை உரசிச் செல்ல வேண்டும், மோதித் தெறிக்கக் கூடாது. தெறித்த பார் வளைந்து வந்து காறை எலும்பில் அறையும். இதைக் கண்டுபிடிக்கத் தரையில் சாக்கட்டியால் பாதத்தின் முன்கோட்டைக் குறித்துவையுங்கள். தூக்கும் வேகத்தில் எழும்பிய பாதம் அதே இடத்திலோ இம்மி பின்னாலோ இறங்கினால் சரி. முன்னால் குதித்தால் பாரும் முன்னால்தான் போயிருக்கிறது. பக்கவாட்டில் கைபேசியை வைத்துப் படம் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பாரை ஏந்தும்போது நடக்கும் தவறுகள்தான் காயத்தில் முடிகின்றன. முழங்கை தாழ்ந்திருந்தால் முழு எடையும் மணிக்கட்டில் தொங்கும். தாழ்ந்த முழங்கை தொடையிலோ முழங்காலிலோ இடித்தால் மணிக்கட்டு பலமாக அடிபடும். பார் அமர வேண்டிய இடம் தோள்பட்டையின் முன்தசை. கொக்கிப் பிடியைத் தளர்த்தி முழங்கையைச் சட்டென்று முன்னே உயர்த்துங்கள். இரண்டு மூன்று விரல்கள் பாரைத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும். இந்த நிலை வசப்படாதவர் முதலில் ஃப்ரண்ட் ஸ்குவாட் (பாரைத் தோளின் முன்பக்கம் வைத்துக் குந்தி எழுவது) பழகிவிட்டு வருவது நல்லது. பார் போதிய உயரம் வராதபோது கால்களை அகல விரித்து அடியில் புகுவதையும் பார்க்கிறோம். கால்கள் ஸ்குவாட் அகலத்தைத் தாண்டினால் முழங்கால்கள் உள்பக்கம் சரியும். அந்தத் தூக்கலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; எடையைக் குறையுங்கள்.

பொறுமையைச் சோதிப்பது எண்ணிக்கை. ஒரு செட்டுக்கு 1 முதல் 3 முறை, 3 முதல் 5 செட், இடையில் 2–3 நிமிட ஓய்வு. மூச்சு வாங்க வாங்க 12, 15 என்று தூக்கினால் உடல் பழகுவது வேகத்தை அல்ல, களைத்துப்போன அசைவை. வார்ம்-அப் முடிந்ததும், ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்ட்டுக்கும் (பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்பது) முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

போட்டிப் பாரின் எடை ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. வெறும் பாரே கனமாகத் தோன்றினால் கம்பை வைத்துப் பழகலாம். பெரிய பிளேட்டின் (பாரில் மாட்டும் எடைத் தட்டின்) விட்டம் 45 செ.மீ. என்பதால் பாரின் மையம் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். சிறிய இரும்பு பிளேட் போட்டால் பார் தாழ்ந்து, குனியும்போதே முதுகு வளைந்துவிடும். பிளேட்டுகளுக்கு அடியில் கட்டை வைத்து அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மெத்தென்ற ஓட்டக் காலணி வேண்டாம், அடி கெட்டியானது வேண்டும். மணிக்கட்டில் ஸ்ட்ராப் (கையைப் பாரோடு பிணைக்கும் பட்டை) கட்டிக்கொண்டு கிளீன் செய்யவே கூடாது. தவறினால் பாரை விட முடியாது. தூக்கல் கைமீறுகிறது என்று தெரிந்த கணமே பாரை முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் விலகுங்கள். அதற்காகவே, தொடங்கும் முன் எதிரிலும் பின்னாலும் ஆளோ பெஞ்சோ இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.