டீலர் சர்வீஸ் பண்ண காருக்கு நீங்களே ஆயில் மாத்தறீங்களா? இதையெல்லாம் பாத்துக்கோங்க

போன சனிக்கிழமை சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன்ல மாமா வீட்டு போர்ச்ல வச்சு முதல் தடவையா நானே ஆயில் மாத்துனேன், டீலர்கிட்ட ரெண்டு வருஷமா காசு கொட்டுன கார் அது. முதல்ல டிப்ஸ்டிக்க, அதான் ஆயில் அளவு பாக்குற கம்பிய, இழுத்து பாருங்க, என்னோடதுல மேக்ஸ் கோட்டுக்கு மேல ஒரு விரக்கடை நின்னுச்சு. வெறும் ஜாக்க நம்பி அடியில படுக்காதீங்க, காரத் தாங்குற ஸ்டாண்ட் கட்டாயம். இஞ்சினுக்கு அடி கவர்ல மூணு கிளிப்ப காணோம், ஒரு இடத்துல கேபிள் டை! ஆயில் வடியவிடுற டிரெய்ன் போல்ட்ட கழட்டுனா பழைய வாஷர் நசுங்கி ஒட்டியிருக்கு, அதுக்கு மேலயே இன்னொன்ன போட்டு முறுக்கியிருக்கான் டீலர் ஆளு, போல்ட் தலையும் மழுங்கிப்போச்சு. ஒவ்வொன்னையும் கை வைக்கிறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்துருங்க, இல்லன்னா நீதான் பண்ணேன்னு உங்க தலையிலயே கட்டிருவாங்க.

ஆயில் பில்டர கழட்டுனதும் பழைய ரப்பர் வளையம் இஞ்சின்லயே ஒட்டிக்கிச்சான்னு விரலால தடவி பாருங்க, அதுமேலயே புதுச மாட்டுனா ஆயில் பீச்சி அடிக்கும். புது வளையத்துல கொஞ்சம் ஆயில் தடவி, அது இஞ்சின தொட்டதுக்கப்புறம் கையாலயே முக்கா சுத்து, போதும், ஸ்பேனர் எல்லாம் வேணாம். போல்ட்டுக்கு புது வாஷர், எவ்ளோ இறுக்கணும்ங்கிற டார்க் அளவு மேனுவல்ல இருக்கும். மேனுவல் சொல்ற அளவுல அரை லிட்டர் கம்மியா ஊத்தி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாத்து மீதிய ஊத்துங்க. பழைய ஆயில சாக்கடையில ஊத்திராதீங்க லா, பைன் வரும், வாங்கிக்கிற வொர்க்ஷாப்ல கொடுத்துருங்க.