பழைய பைக்கின் சைடு ஸ்டாண்டைச் சரிசெய்வது எப்படி?

சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் பழைய ஸ்பிளெண்டர் விழுந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குச் சாய்கிறதா? பலரும் நேரே வெல்டிங் பட்டறைக்குப் போய், ஸ்டாண்டின் அடியில் இரும்புத் துண்டு ஒன்றை வைத்து ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் வண்டி மறுபடியும் சாயும். தேய்மானம் பெரும்பாலும் அடியில் மட்டும் இருப்பதில்லை. மேலே, ஸ்டாண்டு மாட்டியிருக்கும் போல்ட்டில் இருக்கும்.

முதலில் சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டை இறக்கி, அதன் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேலே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலே கீழே நுனியில் அது பல மடங்காகத் தெரியும். ஃபிரேமில் ஸ்டாண்டைத் தாங்கும் பிராக்கெட்டையும் துடைத்துவிட்டு, வெல்டிங் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். புதியவர்கள் கையைக் கிழித்துக்கொள்வது இங்கேதான். ஸ்டாண்டு பாதி இறங்கிய நிலையில்தான் ஸ்பிரிங் மிக அதிகமாக நீண்டிருக்கும். அப்போது அதன் சுருள்களுக்கு இடையே மெல்லிய வாஷர்களையோ நாணயங்களையோ செருகுங்கள். பிறகு ஸ்டாண்டை மேலே மடக்கினால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் தளர்ந்து நிற்கும். கொக்கியை எளிதாக எடுத்துவிடலாம். வாஷர் தெறிக்கக்கூடும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

இப்போது பின்பக்க நட்டைக் கழற்றி, போல்ட்டை வெளியே எடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, துளைக்குள் உட்கார்ந்திருந்த பகுதியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் ஓரிடத்தில் தட்டினால் போல்ட் தேய்ந்துவிட்டது, புதியது வாங்குங்கள். கடையில் அளவு சொல்லிக்கொண்டு நிற்காமல் பழையதையே கையில் கொண்டுபோவது நல்லது. ஸ்டாண்டின் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் புது போல்ட் மட்டும் உதவாது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, அதற்குள் புஷ் எனப்படும் உலோக வளையத்தை அடித்துத் தருவார்கள்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். போல்ட்டை இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். பிறகு அது திரும்பாமல் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை நன்றாக இறுக்குங்கள். ஸ்டாண்டு தடையின்றி மடங்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ கொக்கி தேய்ந்திருந்தாலோ யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. பழைய வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் கிடையாது. இடப்பக்கம் திரும்பும்போது தொங்கும் ஸ்டாண்டு தரையில் இடித்தால் வண்டியோடு விழவேண்டியதுதான்.

இத்தனைக்கும் பிறகு சாய்வு குறையவில்லை என்றால், அடிப்பகுதி தேய்ந்திருக்கலாம் அல்லது பிராக்கெட் வளைந்திருக்கலாம். வெல்டிங் இப்போதுதான். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கை இறக்கித் தள்ளி வையுங்கள். பட்டறைக்காரர் ‘தேவையில்லை’ என்றாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாறாக, வண்டி சாயாமல் அதிக நேராக நின்று வலப்பக்கம் விழப் பார்க்கிறதா? அது ஸ்டாண்டின் தவறாக இருக்காது. பின்பக்க ஷாக் அப்சார்பர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.