தோலின் காப்பரணைச் சிதைக்கும் அன்றாடத் தவறுகள்

முகம் கழுவித் துடைத்த சிறிது நேரத்தில் கன்னம் இழுத்துப் பிடிப்பது போலிருந்தால், பலரும் அதை முகம் நன்கு சுத்தமானதன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அழுக்கோடு சேர்த்துத் தோலுக்குச் சொந்தமான கொழுப்பையும் கழுவிவிட்டோம் என்பதைத்தான் அந்த இறுக்கம் தெரிவிக்கிறது.

தோலின் மேற்பரப்பில் உள்ள காப்பு அடுக்கின் தடிமன், உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். அங்கே தட்டையான இறந்த செல்கள் செங்கற்களைப் போல் அடுக்கப்பட்டிருக்க, செராமைடு என்ற ஒருவகைக் கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை சுண்ணாம்புச் சாந்தைப் போல் இடைவெளிகளை அடைத்து, உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும் வெளியிலுள்ள கிருமிகள் உள்ளே புகாமலும் காக்கிறது. இந்தக் கலவை சரியாக உருவாவதற்குத் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மையுடன், ஏறத்தாழ 5 என்ற பிஎச் அளவில் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) இருக்க வேண்டும். நாம் வழக்கமாக வாங்கும் சோப்புக் கட்டிகளின் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். ஒரு முறை கழுவினால் சில மணி நேரத்தில் தோல் தன் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். எண்ணெய் வழிகிறதென்று நாளைக்கு ஐந்தாறு முறை சோப்புப் போடுபவரின் தோலுக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் பீர்க்கங்காய் நாரும் சேரும்போது பாதிப்பு இன்னும் கூடுகிறது. போர் தண்ணீரில் குளிப்பவர்கள் வாளியின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் பிசுபிசுப்பாக ஒரு படிவு கையில் ஒட்டும். நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து உண்டாகும் அந்தப் படிவு நம் உடம்பிலும் தங்குகிறது. அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பைப் பயன்படுத்தி, வறண்ட கைகால்களுக்கு வெதுவெதுப்பான நீரோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலான நாட்களுக்கு அதுவே போதும்.

எலுமிச்சைச் சாற்றையும் சமையல் சோடாவையும் முகத்தில் பூசுவதை முற்றிலும் விட்டுவிட வேண்டும். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்ற நம்பிக்கை, வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலையும், அமிலம் கலந்த திரவப் பூச்சுகளான அமில சீரங்களையும் ஒரே வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடங்குபவர்களிடமும் இருக்கிறது. விடாமல் நீடிக்கும் எரிச்சல் காப்பு அடுக்கு கிழிந்திருப்பதன் அறிகுறியாகும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது, நிறம் கூடுவதற்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்த களிம்புகள் முதல் சில வாரங்களில் முகத்தைத் தெளிவாகக் காட்டும். அதே வேளையில் அவை கொழுப்புக் கலவையின் உற்பத்தியைக் குறைத்துத் தோலை மெலியச் செய்வதால், நாளடைவில் கன்னத்தில் செந்நிற இரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும், பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் முகம் சிவந்து எரிவதால் அஞ்சி மீண்டும் பூசுகிறார்கள். படர்தாமரைக்குப் பூசினாலோ, அரிப்பு அடங்கியது போலிருக்க, பூஞ்சை பரவிக்கொண்டே போகும். மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றில் பலவற்றை விற்கக் கூடாதென 2018-இல் மத்திய அரசு விதித்தும் பழக்கம் ஓயவில்லை. மாதக்கணக்கில் பூசியவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரின் மேற்பார்வையில் விடுவதே பாதுகாப்பானது.

மாய்ஸ்சரைசரைத் தோல் நன்றாகக் காய்ந்த பிறகு பூசுவதும் ஒரு தவறுதான். துவட்டிய சில நிமிடங்களுக்குள், ஈரம் மிச்சமிருக்கும்போதே பூசினால் அந்த நீர் உள்ளேயே தங்கும். எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்றே என்றும் எண்ண வேண்டாம். தேங்காய் எண்ணெய் வறட்சிக்கு உதவும். ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலீயிக் அமிலமோ காப்பு அடுக்கைக் குலைக்கக்கூடியது.

ஏற்கெனவே எரிச்சல் கண்ட முகத்துக்கு மென்மையான கிளென்சர், செராமைடு உள்ள மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் நான்கு வாரங்களுக்கு வேண்டாம், ஏனெனில் தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய அவ்வளவு காலம் பிடிக்கும். அதற்குள்ளாகவே வெடிப்பில் நீர் வடிந்தாலோ சீழ் வைத்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.