கபடிப் போட்டி நடத்துகிறீர்களா? உழைத்தவர்களை மறக்காமல் இருக்கும் வழி

பொங்கல் கபடிக்கு எங்கள் ஊரில் மைக் பிடிப்பது நான்தான். கோப்பை யாருக்கு என்பதை ஆட்டமே முடிவு செய்துவிடும். கோப்பைக்கு வெளியே நிற்பவர்களைக் கவனிப்பது விழாக் குழுவின் பொறுப்பு. அதற்கு நாங்கள் செய்வது இதுதான்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். ஆடுகளம் சமன்படுத்தும் நாளிலேயே எழுதத் தொடங்குங்கள். பரிசளிப்பு அன்று யோசித்தால் கண்ணெதிரே நிற்பவர்களின் பெயர்தான் வரும். பெயரோடு வேலையையும் எழுதுங்கள்: 13க்கு 10 மீட்டர் களத்தில் கல் பொறுக்கித் தண்ணீர் தெளித்த தம்பி, வெளியூர்ப் பெண்கள் அணி உடை மாற்ற வீட்டைத் திறந்துவிட்ட அக்கா. ‘ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி’ என்றால் அது யாருக்கும் போய்ச் சேராது.

நடுவருக்காவது கையில் விசில் இருக்கிறது. அவுட் ஆனவர்கள் உட்காரும் இடத்தில் தாளும் பேனாவுமாக இருக்கும் உதவி ஸ்கோரரை யார் பார்க்கிறார்கள்? வெளியே போன வரிசையிலேயே ஆட்டக்காரர்கள் உள்ளே திரும்ப வேண்டும். அந்த வரிசை குழம்பினால் அடிதடிதான். அவர் என்ன செய்கிறார் என்பதை மைக்கில் விளக்கிச் சொல்லுங்கள். சின்னப் பையன்கள் ‘நானும் எழுதுறேன்’ என்று வந்து நிற்பார்கள்.

எப்போது சொல்வது? பாதி ஆட்டம் முடிந்ததும் வரும் 5 நிமிட இடைவேளையில், ஒரு தடவைக்கு இரண்டு பேர். இறுதி ஆட்டம் நள்ளிரவைத் தாண்டிவிடும், சமைத்தவர்கள் அதற்குள் தூங்கப் போயிருப்பார்கள். பிரமுகர் வருவதற்குள் முடித்துவிடுங்கள். அவர் வந்தபின் மைக் நம் கைக்குத் திரும்பாது!

பொன்னாடை வேண்டாம், பீரோவில்தான் கிடக்கும். லைட் கட்டியவருக்கு நல்ல டெஸ்டர், சமைத்தவருக்கு எவர்சில்வர் தூக்கு என்று பயன்படுவதாகக் கொடுங்கள். மேடைக்கு வரக் கூச்சப்படுபவரை இழுக்காமல் அவர் இருக்கும் இடத்துக்கே போய்க் கொடுக்கலாம்.

ஆட்டக்காரர்களிலும் ரைடருக்குத்தான் கூட்டம் ரூபாய் நோட்டு நீட்டும். கார்னரில் நின்று கணுக்காலைப் பிடிப்பவனுக்குச் சிராய்ப்புதான் மிச்சம். அதனால் சிறந்த கேட்சருக்கும் சிறந்த ரைடருக்கும் ஒரே தொகையை அறிவியுங்கள். தோற்ற அணியில் மூன்று பேர் மட்டும் நின்று ரைடரை மடக்கியிருந்தால் அந்தப் பிடியைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

அப்புறம், பயிற்சியாளர். ஆட்டக்காரர்களுக்கான அர்ஜுனா விருது 1961இல் வந்தது. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985இல்தான் வந்தது. நம் ஊரில் அவ்வளவு காலம் எதற்கு? கோப்பை வாங்க கேப்டனைக் கூப்பிடும்போதே அவரையும் கூப்பிடுங்கள்.

விழா முடிந்ததும் நோட்டைப் பரணில் போடாதீர்கள். அடுத்த வருஷ முதல் கூட்டத்துக்கு அதிலிருக்கும் எல்லோருக்கும் போன் போடுங்கள். நன்கொடை கேட்டு அல்ல, யோசனை கேட்டு.