ஏற்காடு வண்டியிலிருந்து ஹாட் சீட் வரை: ஒரு கண்டக்டரின் வழிகாட்டி

சேலம்–ஏற்காடு தடத்தில் பன்னிரண்டு வருடமாகக் கண்டக்டர் வேலை. ஒரு கோடி ரூபாய் பரிசு என்று டிவியில் வருமே, அந்த மாதிரி ஒரு வினாடி வினாவில் உட்கார்ந்து 1,60,000 ரூபாயோடு எழுந்து வந்தேன். ஒளிபரப்பான நாளிலிருந்து டிக்கெட் கேட்கிற சாக்கில் "எப்படிங்க உள்ள போறது?" என்று யாராவது விசாரிக்காத ட்ரிப் இல்லை. வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயில் விசிலையும் வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதிவிட்டேன்.

முதலில் நுழைவு. நிகழ்ச்சிக்கு முந்தைய வாரங்களில் டிவியில் தினம் ஒரு கேள்வி போடுவார்கள். போனிலோ மெசேஜிலோ பதில் சொல்ல வேண்டும். கேள்வி சுலபமாக இருக்கும், சரியான பதில் லட்சக்கணக்கில் வரும், அதில் கம்ப்யூட்டர் சிலரைப் பொறுக்கும். இங்கே அறிவுக்கு வேலை இல்லை. ஒரு நாள் விடாமல் அனுப்புவதுதான் வழி. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் லோன் கம்பெனி என்று கட் செய்துவிடாதீர்கள். அதே சமயம், தேர்வாகிவிட்டீர்கள், பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி. பேசாமல் வைத்துவிடுங்கள்.

அப்புறம் நேர்முகத் தேர்வு. ஒரு தாளில் கேள்விகள், பிறகு கேமரா முன்னால் பேச்சு. நிறையப் பேர் தாளுக்கு மட்டும் தயாராகிப் போய், பேச்சில் கோட்டை விடுகிறார்கள். எனக்கு முன்னால் போன தம்பி என்னைவிடக் கெட்டிக்காரர். "சிறு வயதிலிருந்தே பொது அறிவில் ஆர்வம் அதிகம்" என்றார், வெளியே வந்துவிட்டார். நான், மலைப்பாதையில் வண்டி நின்றபோது ஒரு குரங்கு ஜன்னல் வழியாக என் பணப்பையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறியதையும், ஒரு பாட்டி கூடையிலிருந்த பலாச்சுளையைக் காட்டி அதைத் திரும்ப வாங்கியதையும் சொன்னேன். கேமராமேன் சிரித்ததில் கேமரா ஆடியது. உங்கள் வேலையில் நடந்த ஒரு சம்பவத்தை ஒரு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள், போதும். குரல் எடுப்பாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கேட்கவும் பேசவும் இயலாத மதுரை கௌசல்யா கார்த்திகா 2020ல் 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியில் முழுக் கோடியையும் ஜெயித்தார்.

என்ன படிப்பது? தமிழ்நாடு பாடநூல், ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, சமூக அறிவியலும் அறிவியலும். தினம் ஒரு செய்தித்தாள். பிறகு உங்கள் ஊர். இதை யாரும் படிப்பதில்லை. ஏற்காடு மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது என்று என் வண்டியில் பாதிப் பேர் அடித்துச் சொல்வார்கள். சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்தது. மேட்டூர் அணை கட்டி முடித்த வருடம் 1934, அதன் ஏரிக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர், ஸ்டான்லி என்பது அன்றைய மெட்ராஸ் கவர்னர், முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. தமிழின் முதல் வண்ணப் படத்தை 1956ல் எடுத்தது நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ். சொந்த ஊர்க் கேள்வியில் தவறிவிட்டுத் திரும்பி வந்தால் டீக்கடையில் நிற்க முடியாது.

படித்ததை மண்டையில் நிறுத்த என்னிடம் ஒரு வழி இருந்தது. ஏற்காடு பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலிருந்து எண்ணி, ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஜனாதிபதியை உட்கார வைத்தேன். முதல் வளைவில் ராஜேந்திர பிரசாத், இரண்டில் ராதாகிருஷ்ணன், எட்டில் ஆர்.வெங்கட்ராமன், பதினொன்றில் கலாம், பதினைந்தில் முர்மு. டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் நான் ஒரு பெயரை முணுமுணுப்பேன். ஏறும்போது ஜனாதிபதி, இறங்கும்போது தலைகீழாக. உங்களுக்கு மலை இல்லையென்றால் வீட்டிலிருந்து கடைவீதி வரை உள்ள கடைகள் போதும். வரிசை மாறாத இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வரிசைப் பழக்கம் முதலில் உதவுவது வேகவிரல் சுற்றில். பத்துப் பேர் உட்கார்ந்திருப்போம். நான்கு விடைகளை வரிசைப்படுத்தி யார் முதலில் அழுத்துகிறாரோ அவருக்குத்தான் ஹாட் சீட், அதாவது கேள்விக்குப் பதில் சொல்கிற நாற்காலி. நான்கையும் யோசிக்காதீர்கள். முதலாவதையும் கடைசியையும் பிடியுங்கள், நடுவில் இரண்டுதான் மிச்சம். விரல் பழக நான் வீட்டில் ஒரு பழைய கால்குலேட்டரில் நான்கு பட்டன் மேல் ஏ, பி, சி, டி என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். மனைவி கேள்வி படிப்பாள், மகள் போனில் நேரம் பார்ப்பாள். மூன்று வாரத்தில் பத்து விநாடியிலிருந்து ஐந்துக்கு வந்தது.

ஸ்டுடியோ பற்றி. ஒரே நிறத்தில் அடர்த்தியான சட்டை போடுங்கள். பொடிக் கட்டமும் மெல்லிய கோடும் கேமராவில் நெளியும், வெள்ளை கண்ணைப் பறிக்கும். மைக் பெட்டியை இடுப்பில் மாட்டுவார்கள், பெல்ட் அவசியம். ஏசி மார்கழி மாத ஏற்காடு போல இருக்கும். காலை ஏழு மணிக்குப் போன நான் சீட்டில் உட்கார்ந்தது இரவு ஒன்பதுக்கு.

இனி ஆட்டம். பதினைந்து கேள்வி. ஐந்தாவதில் 10,000, பத்தாவதில் 3,20,000 உறுதி. அதற்குப் பிறகு தவறினாலும் அந்தத் தொகைக்குக் கீழே இறங்காது. ஆகவே ஆறாவது, பதினொன்றாவது கேள்விகளில் "விலகுகிறேன்" என்று சொல்லவே கூடாது. தெரியாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிட்டு வாருங்கள், தவறினால் கைக்காசு போகாது. 3,20,000ல் யோசித்து யோசித்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பத்தாவது கேள்விதான் கண்டம். கையில் 1,60,000. சரியானால் இன்னொரு 1,60,000 கூடும், தவறினால் 1,50,000 போகும். இரண்டு விடைக்குள் சந்தேகம் என்றால் ஏறக்குறையச் சமம். மூன்று என்றால் எழுந்துவிட வேண்டும். பன்னிரண்டாவதில் கணக்கு மாறுகிறது. 6,40,000 இருக்கும், சரியானால் 6,10,000 கூடும், தவறினால் 3,20,000 போகும். அங்கே இரண்டில் ஒன்று என்றால் துணியலாம்.

உதவிகளில், பார்வையாளர் வாக்கெடுப்பை சினிமா, கிரிக்கெட், சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கடினமானால் அவர்களும் உங்களைப் போலத்தான் முழிப்பார்கள். நான் அதை ஏழாவதிலும், இரண்டு தவறான விடைகளை நீக்கித் தரும் ஐம்பது-ஐம்பதை ஒன்பதாவதிலும் செலவழித்தேன்.

போன் நண்பர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்தாவது கேள்வி: போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதி யார்? ராஜேந்திர பிரசாத், ஜாகிர் உசேன், நீலம் சஞ்சீவ ரெட்டி, ஆர்.வெங்கட்ராமன். நால்வரும் என் வளைவில் இருப்பவர்கள்தான். யார் எத்தனையாவது என்று தூக்கத்திலும் சொல்வேன். எப்படி வந்தார்கள் என்று தெரியாது. ஓமலூரில் இருக்கும் மாமனாருக்குப் போட்டேன், ரிட்டயர்டு வரலாற்று வாத்தியார். முப்பது விநாடி ஓட ஆரம்பித்தது.

"மாமா..."

"மாப்ள, சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேனுங்க மாமா" என்று நானும் சொன்னேன். வளர்த்த விதம் அப்படி. பிறகு கேள்வியை முழுதாக வாசித்தேன், விடைகளை ஏ, பி, சி, டி என்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். "ரெட்டியா இருக்கணும்... இல்ல, வெங்கட்ராமனா..." என்பதோடு லைன் போய்விட்டது. என் மனதில் ராஜேந்திர பிரசாத் வேறு. மூன்று பேர். எழுந்துவிட்டேன். விடை ரெட்டி.

ஆகவே நண்பரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நலம் விசாரிப்பெல்லாம் வீட்டில். கேள்வியைச் சுருக்கி ஒரே மூச்சில் கேளுங்கள், நான்கு பெயர், கடைசியாக "பத்துக்கு எவ்வளவு உறுதி?" நாங்கள் இப்போது ஒத்திகை பார்த்தால் பத்து விநாடியில் முடிகிறது. வளைவுகளையும் திருத்திவிட்டேன். பெயரோடு ஒரு சம்பவத்தையும் சேர்த்து உட்கார வைக்கிறேன். நான்கில் வி.வி.கிரி, 1969ல் சுயேச்சையாக நின்று ரெட்டியைத் தோற்கடித்தவர். ஆறில் அதே ரெட்டி. 1977ல் 37 பேர் மனு போட்டு 36 தள்ளுபடியாகி ஜெயித்தவர்.

பணம்: 1,60,000 என்று டிவியில் காட்டினாலும் 30 சதவீதம் பிடித்துக்கொண்டு 1,12,000தான் வரும். பிடித்த 48,000 வரிக்கு மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி தனி, ரிட்டர்ன் போடும்போது 1,920 கட்ட வேண்டும். சம்பளம் குறைவு, வரி வராது என்ற கணக்கு பரிசுப் பணத்துக்குச் செல்லாது. ஒளிபரப்பாகும் வரை எவ்வளவு ஜெயித்தேன் என்று வெளியே சொல்ல மாட்டேன் என எழுதி வாங்குவார்கள். அதற்குள் தெரிந்தவர்களுக்கு விருந்து வைத்துவிடாதீர்கள்.

டிரைவர் அண்ணன் மட்டும் இன்னும் விடவில்லை. ஆறாவது வளைவில் தேவையே இல்லாமல் இரண்டு ஹாரன் அடித்து, கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ரெட்டி ஏறிட்டாரா?" என்கிறார்.